முக்கோணத்தை மூன்றாகப் பிரித்த நாள்

கல்லூரியில் கணிதம் படித்த மூன்று வருடமும் நானும் என் தோழியும் திருவேங்கடத்திலிருந்து ஒரே டவுன் பஸ்ஸில்தான் சங்கரன்கோவிலுக்குப் போய்வந்தோம். உட்கார இடம் கிடைக்கிறதோ இல்லையோ, எங்கள் சண்டை மட்டும் நிற்காது. எதைப் பற்றி என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். கணக்கு உண்மையா, பொய்யா என்பதுதான் சண்டை.

“புள்ளிக்கு நீளம் கிடையாது, அகலம் கிடையாதுங்கான். அப்படி ஒண்ண நீ எங்கனயாவது பாத்திருக்கியாட்டி?” என்பாள். “எல்லாருமா சேந்து ஒரு ஆட்டம் ஆடுதோம். தாயம் மாதிரி.”

“தாயத்த விதி மாத்தி ஆடலாம். முக்கோணத்த மாத்த முடியுமாட்டி?” என்பேன் நான்.

எரிச்சல் என்னவென்றால், கணக்கைப் பொய் என்று சொன்ன அவள்தான் என்னைவிட அதிக மார்க் எடுப்பாள்.

மூன்றாம் வருடம், பொங்கல் கழிந்து, அவளுடைய அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் தங்கள் கரிசல் நிலத்தைப் பங்கு பிரிக்க உட்கார்ந்தார்கள். நிலம் முக்கோணமாகக் கிடந்தது. ஒரு பக்கம் முழுக்கத் தார்ரோடு. எதிர் மூலையில் கிணறு. ஒவ்வொருவருக்கும் ரோடும் வேண்டும், கிணறும் வேண்டும். பேச்சு முடிவதாக இல்லை. தோழி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. “ரோட்டுப் பக்கத்த மூணு சமமா பிரிச்சு, அங்கன இருந்து கிணத்துக்குக் கயிறு பிடிங்க. மூணும் சமமா இருக்கும்” என்றேன்.

பிடித்தார்கள். கடைசிப் பங்கு சாய்ந்து, நீண்டு, ஒடுங்கித் தெரிந்தது. அது விழுந்தது சின்னச் சித்தப்பாவுக்கு.

“என் பங்கு பாம்பு மாதிரி கெடக்கு! படிச்ச பிள்ளன்னு பாத்தா என்னையவா ஏமாத்துத?” என்று சத்தம் போட்டார்.

குச்சியால் தரையில் வரைந்து காட்டினேன். மூன்றுக்கும் அடிப்பக்கம் ஒன்று, உயரம் ஒன்று, அதனால் பரப்பும் ஒன்று என்றேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “நீ கீறுத கோடு நோட்டுல சரி. காட்டுல மேடும் பள்ளமும்லா கெடக்கு.”

தோழி என் காதோடு, “நான் மூணு வருஷமா இதத்தான சொல்லுதேன்” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வாரம் சர்வேயர் வந்து ஒவ்வொரு பங்காக அளந்தார். மூன்றுக்கும் நடுவே அரை சென்ட்கூட வித்தியாசமில்லை. சின்னச் சித்தப்பா மறுபடியும் அளக்கச் சொன்னார். அப்போதும் அதேதான். பிறகு சித்தப்பா என்னிடம் வந்து, “கோவிச்சுக்காத தாயி. கண்ணுக்கு அப்படித் தெரிஞ்சிட்டு” என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது தோழி சொன்னாள்: “அந்த வரப்பு ஒண்ணாவது நேரா இருக்காட்டி? அந்த நிலம் முக்கோணமே இல்ல. இல்லாத ஒண்ணப் பத்தி நீ சொன்னது, இருக்குத மண்ணுல எப்படிச் சரியா வந்துச்சு? எனக்குப் பயமா இருக்கு.”

நான் திரும்பி அந்த வரப்புகளைப் பார்த்தேன்.

இப்போது நான் சங்கரன்கோவிலில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் பெங்களூரில் இருக்கிறாள். போன ஆடியில் ஊருக்கு வந்தவளோடு தேரடிப் பக்கம் ஒரு கடையில் டீ குடித்தேன். வருடக்கணக்காகக் கரும்பலகையில் கோணல் கோடு போட்டுவிட்டு நேர்கோடு என்று சொல்லிச் சொல்லி, எல்லாமே நாம் கட்டிய கதைதானோ என்று எனக்குச் சந்தேகம் வந்திருந்தது. அதைச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நாம பொறக்கதுக்கு முன்னாலயும் ரெண்டும் ரெண்டும் நாலுதாம்ட்டி!” என்று கத்தினாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் விடவில்லை. டீ ஆறிப்போனது.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்தேன். ஸ்டாஃப் ரூமில் பத்துப் பேர் இருக்கிறோம். சிலபஸ் பற்றிப் பேசுவோம், ரிசல்ட் பற்றிப் பேசுவோம். புள்ளி உண்டா இல்லையா என்று சண்டை போட எனக்கு அங்கே ஆளில்லை.