ஓடைக்கு மேலே ஒரு லிஃப்ட்

என் தம்பியைப் போல ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம், ஒருவன் போதும். இருபது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். கம்பி தேய்ந்திருந்தால் கையால் தடவியே சொல்லிவிடுவான். நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று, இன்றைக்கு வீட்டில் என்ன சமையல் என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வெளியே கொண்டுவந்து விடுவான். வேலையில் அவனை யாரும் ஒரு குறை சொன்னது கிடையாது. அதனால்தானோ என்னவோ, வேறு எதிலும் தன்னைக் குறை சொல்ல அவன் யாரையும் விட்டதில்லை.

பகல் முழுக்க அவன் கிடந்தது லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த இருட்டுக் குழிக்குள். எண்ணெய்ப் பிசுக்கு, தூசி, செத்த எலி. மொட்டை மாடியில் மோட்டார் இருக்கும் அறைக்கு மட்டும் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. வானம் தெளிந்த நாளில் அதன் வழியே தூரத்து மலை தெரியும். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஐயா அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்களுடைய புருஷன்மார் எதிர் ஜன்னலைப் பார்க்கிறார்கள், என் வீட்டுக்காரர் மலையைப் பார்க்கிறார், நான் கொடுத்து வைத்தவள் என்று அவன் பொண்டாட்டி சொல்லிச் சிரிப்பாள். அவள் அப்போது பேக்கரிக் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். எதையும் சிரித்துக்கொண்டே தாங்குகிற பெண்.

அவர்களுக்கு ஒரே மகள். எட்டு வயது. ஒரு இடத்தில் ஒரு நிமிஷம் நிற்காது என்பதால் வாலு என்றுதான் கூப்பிடுவோம். அந்த வாலுக்குப் பிறந்ததிலிருந்தே இழுப்பு. வீடு லாரி பட்டறைக்குப் பின்னால். ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் புழுக்கம். இரவில் குழந்தையின் முதுகில் காதை வைத்துத்தான் தாய்க்காரி படுப்பாள். விசில் சத்தம் கேட்டால் எழுந்து இன்ஹேலரை எடுப்பாள். இதையெல்லாம் எட்டு வருஷம் பார்த்தவனுக்கு ஒருநாள் ஞானோதயம் வந்தது. காற்று சரியில்லை, காற்றை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றான்.

காற்றை மாற்ற வேண்டுமானால் இரண்டு தெரு தள்ளி வீடு பார்க்கலாம். இவன் பார்த்தது மலைக்குப் பின்னால் காட்டுக்குள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்து, ஒரு ஓடையைத் தாண்டி, அப்புறமும் ஏற வேண்டும். பழைய மரக் கிடங்கின் காவல்காரர் வீடு, தகரக் கூரை. ஃபோனில் சிக்னல் கிடையாது. அதை அவன் ஒரு குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னான். காலையில் பறவை எழுப்பும், குழந்தைக்கு நாமே பாடம் சொல்லிக் கொடுக்கலாம், தோட்டத்துக் காய், ஓடைத் தண்ணீர் என்று அவன் அளந்துவிட்டதைக் கேட்டு எனக்கே ஒரு நிமிஷம் ஆசை வந்தது. அப்புறம் டாக்டர் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். அங்கே யாருக்கும் நோயே வராது என்றான். இப்படிப் பேசுகிறவனிடம் என்ன பேசுவது? நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். முப்பது பிள்ளைகளை ஒரு சத்தத்தில் அடக்கிவிடுவேன், இவனை அடக்க முடியவில்லை. ஒற்றைக் காலில் நின்று, வேலையையும் விட்டுவிட்டு, குடும்பத்தைக் கிளப்பிக்கொண்டு போனான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், வெயில் காலம் முழுக்க வாலு நன்றாக இருந்தாள். இழுப்பு எட்டிப் பார்க்கவில்லை. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இன்ஹேலர் தீர்ந்ததும் இன்னொன்று வாங்க வேண்டாம், இனி அது எதற்கு என்று சொல்லிவிட்டான். ஓடையில் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் என்று கேள்விப்பட்டதும் உற்சாகமாக இரும்புக் கம்பி வாங்கிவந்தான். வீடு இருந்த அக்கரையில் பாறையில் துளை போட்டு இறுக்கினான். இக்கரையில் பாறை இல்லை, ஒரு பெரிய மரம்தான். அதில் சுற்றிக் கட்டினான். கம்பியில் உருளை, உருளையில் ஒரு இரும்பு நாற்காலி, எந்தக் கரையிலிருந்தும் இழுக்க வளையமாக நைலான் கயிறு. மூட்டை அரிசியை வைத்து இழுத்துப் பார்த்து, கம்பியைத் தடவிப் பார்த்து, ஓடைக்கு மேலே ஒரு லிஃப்ட் போட்டுவிட்டேன் என்று சந்தைக்கு வந்து எனக்கு ஃபோன் பண்ணிச் சொன்னான். கம்பியைப் பற்றி அவனுக்குத் தெரியாதது கிடையாது. மரத்தைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. அது அவனுக்கே தெரியவில்லை.

மழை பிடித்தது. விறகு நனைந்து அடுப்பிலிருந்து வந்த புகை தகரத்துக்குக் கீழேயே சுற்றிக்கொண்டு நின்றதாம். துணி காயவில்லை. சுவரிலும் பாயிலும் கறுப்பாகப் பூஞ்சை. மருந்துக்குப் பதிலாக அந்த வீட்டில் நிறைய அட்டைப்பூச்சி இருந்தது. குழந்தையின் முதுகில் விசில் கேட்கிறது என்று தாய்க்காரி சொன்னபோது அவன் காது கொடுக்கவில்லை. சும்மா சளி, நீயாகக் கற்பனை பண்ணிக்கொள்கிறாய் என்றானாம். கேட்டால் அல்லவா கேட்கும்? குனிந்து காதை வைத்துப் பார்க்கவே அவன் தயாராக இல்லை. வைத்தால் கேட்டுவிடும், கேட்டால் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

கடைசியில் ஒருநாள் காலை அவள் சொல்லிக்கொள்ளாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஓடையைக் கடந்து சந்தைக்கு வந்தாள். அங்கே மருந்துக் கடையில் அந்த இன்ஹேலர் இல்லை. எனக்கு ஃபோன் பண்ணினாள். வேன் சாவியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மருந்தை வாங்கிக்கொண்டு கிடைத்த பஸ்ஸில் ஏறினேன்.

நான் போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது. பஸ் நிற்குமிடத்தில் நனைந்துகொண்டு நின்றாள். பேசிக்கொண்டு நடக்க நேரமில்லை. சேற்றில் அவள் முன்னால் ஓட, நான் பின்னால் மூச்சு வாங்க. ஓடையை நெருங்குவதற்கு முன்பே சத்தம் காதை அடைத்தது. காலையில் அவள் கடந்தபோது பாறைகளுக்கு நடுவே ஓடிய தண்ணீர் இப்போது பாறைகளையே காணோம் என்று ஆக்கியிருந்தது. செம்மண் நிறத்தில், மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு போயிற்று.

அக்கரையில் தம்பி நின்றுகொண்டிருந்தான். முதுகில் வாலு. குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோகத்தான் இறங்கி வந்திருக்கிறான். இறக்கி உட்கார வைத்தான். அவள் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னால் குனிந்துகொண்டாள். அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் காது வரைக்கும் ஏறியது.

"தோளப் பாருங்க அண்ணி," என்றாள் அவள்.

நாற்காலி எங்கள் பக்கம்தான் இருந்தது. மருந்தை என் தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையில் சுற்றி நாற்காலியில் கட்டினோம். அவள் கயிற்றை இழுத்தாள். நானும் கைகொடுக்கலாம் என்று மரத்துக்குப் பின்னால் போய்க் காலை ஊன்றினேன். என் கால் முழங்கால் வரைக்கும் மண்ணுக்குள் போயிற்று. நான் கொஞ்சம் கனமானவள்தான், அதற்காகப் பூமி பிளக்காது. குனிந்து பார்த்தேன். மரத்தைச் சுற்றி அரைவட்டமாக மண் வெடித்திருந்தது. ஓடையைப் பார்த்து மரம் சாய, பின்பக்க வேர்கள் மேலே கிளம்பிக்கொண்டிருந்தன. நாற்காலியில் ஒரு கைப்பிடி மருந்துதான் இருந்தது. அதற்கே ஒவ்வொரு இழுப்புக்கும் அந்த வெடிப்பு வாயைத் திறந்து மூடியது.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். அவள் பார்த்தாள். காலையில் இதே நாற்காலியில்தான் அவள் வந்திருக்கிறாள்.

மருந்து அக்கரை சேர்ந்துவிட்டது. தம்பி உறையைப் பிரித்து, குழந்தையின் வாயில் வைத்து அழுத்தினான். மறுபடி அழுத்தினான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவன் குழந்தையைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தான். தானும் ஏறிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து இக்கரைக்கு வந்துவிடலாம் என்று கணக்கு. இரண்டு பேருடைய எடை.

நான் கத்தினேன். முப்பது பிள்ளைகளை அடக்குகிற தொண்டை அந்தத் தண்ணீருக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று. வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவனும் கையை ஆட்டினான். வா வா என்று கூப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டான் பாவி. மரத்தைக் காட்டினேன். மரத்தின் முன்பக்கம் அவனுக்குத் தெரியும், அதில் அவன் கட்டிய கம்பி பத்திரமாக இருக்கிறது. வேர் எங்கள் பக்கம்தானே இருக்கிறது. குழந்தையின் இடுப்பில் பெல்ட்டைப் போட்டான்.

எனக்கு எதையும் யோசிக்க வரவில்லை. அவளுக்கு வந்தது. சந்தையில் சாணை பிடித்து வாங்கிய கத்தி அவள் பையில் இருந்தது. எடுத்தாள். என்ன செய்யப் போகிறாய் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் நைலான் கயிற்றை அறுக்க ஆரம்பித்துவிட்டாள். ஈரக் கயிறு லேசில் அறுபடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தாள். அறுந்த கயிறு தண்ணீரில் விழுந்தது, வெள்ளம் அதை இழுத்துக்கொண்டு போயிற்று. இனி அந்த நாற்காலியில் யாரும் எங்கேயும் போக முடியாது.

அக்கரையில் அவன் கையிலிருந்த கயிறு தொங்கிப்போனது. நிமிர்ந்து பார்த்தான். அவள் கையில் கத்தியைப் பார்த்தான். அவன் என்ன கத்தினான் என்று கேட்கவில்லை. வாய் போன போக்கை வைத்து நான் புரிந்துகொண்டேன், அதை இங்கே எழுதுவதற்கில்லை. குழந்தையை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போய் மழைக்கு ஒதுங்கி ஒரு பாறையடியில் உட்கார்ந்தான். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்கப்புறம் நாங்கள் நின்ற நேரம்தான் நேரம். எட்டு வருஷமாக அவள் காதால் அளந்த மூச்சு அது. இப்போது கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தோள் ஏறுகிறது, இறங்குகிறது. ஏறுவது குறைந்திருக்கிறதா, அல்லது குழந்தைக்கு ஏற்றுகிற தெம்பே போய்விட்டதா? இரண்டும் தூரத்திலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும். தப்புப் பண்ணிட்டேனா அண்ணி என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இல்லை என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். எனக்கும் தெரியவில்லை என்பதுதான் நிஜம். மரம் விழவில்லை. விழுந்திருந்தாலாவது மனசுக்கு ஒரு சமாதானம் கிடைத்திருக்கும். அது பாட்டுக்கு மழையில் நின்றுகொண்டிருந்தது. குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால், கயிற்றை அறுத்தவள் என்றுதான் காலம் முழுக்க ஊர் அவளைச் சொல்லியிருக்கும்.

பொழுது சாயும் நேரத்தில் வாலு அப்பன் மடியிலிருந்து எழுந்தாள். பாறை மேல் ஏறி நின்று எங்களைப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன். அவள் நாக்கை நீட்டி எனக்கு அழகு காட்டினாள். இழுப்பு இருக்கிற பிள்ளைக்கு அழகு காட்ட ஏது மூச்சு? தாய்க்காரி சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும்தான்.

அன்று ராத்திரி பஸ் நிறுத்தத்து டீக்கடை பெஞ்சில் கிடந்தோம். காலையில் மழை விட்டிருந்தது, மறுபடி ஓடைக்கு ஓடினோம். ஓடை வடிந்து பாறைகள் தலைகாட்டியபோது, அவன் குழந்தையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, தொடை அளவுத் தண்ணீரில் கோல் ஊன்றி வந்தான். கரையேறியதும் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு நேராக அவளிடம் போனான்.

"எம் புள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா? உனக்குக் கொஞ்சமாவது இது இருக்கா?" என்று தலையைத் தொட்டுக் காட்டினான்.

அவள் மரத்துக்குப் பின்பக்கம் கையைக் காட்டினாள்.

போனான். நின்றான். வேலையில் அவன் எப்படிப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும், அப்படியே பார்த்தான். முட்டி போட்டு வெடிப்புக்குள் கையை விட்டான், தோள் வரைக்கும் போயிற்று. எழுந்து இரண்டு உள்ளங்கையையும் மரத்தில் வைத்துத் தள்ளினான். அவ்வளவு பெரிய மரம் அவன் கைக்கு அசைந்தது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.

"உக்கார வச்சுட்டேன்க்கா," என்றான் என்னிடம். "பெல்ட் போட்டுட்டேன். என் ஒரு காலும் நாற்காலில இருந்துச்சு."

நான் திட்டுவதற்கு வழிநெடுக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. வாலுதான் கேட்டாள், ஏம்மா கயித்த அறுத்தே, நான் லிஃப்ட்ல வந்திருப்பேன்ல என்று. அம்மா பதில் சொல்லுமுன் அவன் சொன்னான்.

"லிஃப்ட் சரியில்லம்மா. அப்பா சரியாப் பாக்கல."

அவள் குழந்தையை வாங்கிச் சட்டையைத் தூக்கி, முதுகில் காதை வைத்தாள். வெகுநேரம் காதை எடுக்கவில்லை. எப்படி இருக்கிறது என்று அவன் தயங்கிக் கேட்டான்.

"நீங்களே கேளுங்க."

அவன் ஈர மண்ணில் மண்டி போட்டான். அந்தச் சின்ன முதுகில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டான். வாலு கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, மறுபடி காதை வைத்தான்.

"இருக்கு," என்றான். "உள்ள இன்னும் இழுப்பு இருக்கு."

அவள் தலையை ஆட்டினாள். அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடக்க ஆரம்பித்தான். அக்கரையில் வீடு திறந்தே கிடந்தது. பூட்டிவிட்டு வரலாமா என்று யாரும் கேட்கவில்லை.