பாய்மரம் இல்லாத தோணி

ஜவுளிக்கடை சண்முகம் அண்ணாச்சி இறந்துபோன செய்தி, காலைக் காப்பியைக் கையில் எடுத்தபோது வந்தது. அவர் விரித்துக் காட்டிய துணியை உங்களில் பலர் உடுத்தியிருப்பீர்கள். சேலையை இழுத்து இழுத்துப் பார்க்கும் பெண்களிடம், “மைனி, சேல எடுக்க வந்தீயளா, தோணிக்குப் பாய் எடுக்க வந்தீயளா?” என்பார். சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள்.

கடை விடுமுறையில் அவர் கை உளியைத் தேடும். உடைத்த தோணிகளின் பலகையை வாங்கி, முழ நீளத்தில் தோணிகள் செய்வார். பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோயிருக்கிறேன். சுக்கான்வரை அச்சு அசலாக இருக்கும். பாய்மரம் மட்டும் இராது; அது நிற்கவேண்டிய இடத்தில் வெறும் துளை.

“நட்டா தோணி கெளம்பிப் போயிரும்லா, சார்வாள்” என்பார். கேலி என்றே நினைத்தேன்.

என் தங்கையின் கணவர் முத்து கொழும்புத் தோணியில் வேலை பார்ப்பவர். ஒரு புயலுக்குப் பிறகு அவருடைய தோணி திரும்பவில்லை. வீட்டுப் பெரியவர்கள் இனி காத்திருக்க வேண்டாம் என்றார்கள். விதவைக்குப் பிறந்த வீடு போடும் கோடிச் சேலையை எடுக்க நான் போனேன். கோடிக்கு வருகிறவர்கள் துணியை விரித்துப் பார்ப்பதில்லை. நான் கேட்ட விதத்திலேயே அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது.

“வெள்ளச் சேல இல்ல.”

“பொறத்தால அடுக்கி வச்சிருக்கீயளே, அண்ணாச்சி?”

“அது ஒங்க தங்கச்சிக்கு இல்ல. வீட்டுக்குப் போங்க.”

அன்று சாயங்காலம் தங்கையிடம் தாம் செய்த தோணி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். சில நாளில் முத்து வாசலில் வந்து நின்றார். இலங்கைக் கரையில் ஒதுங்கிப் பிழைத்திருந்தார். நன்றி சொல்லப் போனேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. “அதுல யாரும் பாய்மரம் நட்டுராம பாத்துக்கிடுங்க” என்றார்.

கடைசிக் காலத்தில் வாதம் வந்து அவருடைய கைகள் விழுந்துவிட்டன. துக்க வீட்டில் அவர் மனைவி பேச்சியம்மாள் என்னைத் தனியே அழைத்தார். அண்ணாச்சி தமக்கென்று செய்துவைத்த தோணி கட்டிலருகே இருந்தது.

“சோத்த அள்ளித் திங்க முடியாத மனுசன், சார். வீட்ல எங்க ரெண்டு பேரத் தவிர யாருமில்ல. இன்னைக்கு விடிஞ்சு பாத்தா அவரு போயிட்டாரு, தோணில பாய்மரம் நிக்கி. நான் நடல. எனக்குப் பயமாருக்கு, கொண்டு போயிருங்க.”

தொட்டேன். பாய்மரம் ஈரமாக இருந்தது. விரலில் உப்பு ஒட்டியது.

அந்தத் தோணி இப்போது என்னிடம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைக்கலாமே என்று தங்கை கேட்டாள், மறுத்துவிட்டேன். முத்து மறுபடியும் கொழும்புக்குப் போயிருக்கிறார். விளக்கு வைக்கும் நேரத்தில் தினமும் தங்கை வீட்டுக்குப் போய், அங்குள்ள தோணியின் துளையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.