இந்தப் பதிப்பு அல்லது இதற்குப் பிந்தியது

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'ரெண்டுதரம் அக்கா' என்று பெயர். மின்விசிறியை அணைத்துவிட்டுக் கிளம்புவார், பாதிப் படியில் திரும்பி வந்து அணைந்திருக்கிறதா என்று பார்ப்பார். மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்ததா என்று போன் போட்டுக் கேட்பார். நாங்கள் முகத்துக்கு நேராகவே கிண்டல் செய்வோம்.

"சிரிங்க, சிரிங்க. ஒருநாள் எனக்குக் கும்பிடு போடுவீங்க" என்பார்.

பக்கத்து நாற்காலி என்னுடையது என்பதால் சொல்கிறேன், எங்கள் வேலைக்குப் பயந்த சுபாவம்தான் லாயக்கு. குறைமாதக் குழந்தைக்கு இருபது விநாடி மூச்சு நின்றால் மணியடிக்கும் ஆஸ்பத்திரி மெஷின் ஒன்று உண்டு. அதற்கு மென்பொருள் செய்கிறோம். முழுக்க நாங்களே எழுதுவதில்லை. முகம் தெரியாத யாரோ எழுதிவைத்த லைப்ரரிகளையும், அதாவது தயாராகக் கிடைக்கும் நிரல் துண்டுகளையும், எடுத்துச் சேர்ப்போம். எதை, எங்கிருந்து, எந்தப் பதிப்பில் எடுக்க வேண்டும் என்று ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் அறிவித்துவிட வேண்டும். மேனிஃபெஸ்ட் என்போம். அது அக்காவின் ராஜ்ஜியம். பதிப்பு எண்ணைக் கடைசிப் புள்ளிவரை பிசகாமல் எழுதுவார்.

அந்த வாரம் மட்டும் அவர் அவராக இல்லை. தங்கைக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட, ஆஸ்பத்திரிக்கும் அலுவலகத்துக்குமாக அல்லாடிக்கொண்டிருந்தார். நேரத்தை அளக்கும் லைப்ரரிக்கு எண்ணைத் திட்டமாகச் சொல்லாமல், 'இந்தப் பதிப்பு அல்லது இதற்குப் பிந்தியது' என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டார். புதிது வந்தால் அதுவாகச் சேர்ந்துகொள்ளட்டும் என்ற நினைப்பு.

புதிது வந்தது. எங்களில் யாருக்கும் தெரியாது. திரையில் எழுத்து பொடியாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதால், எழுத்தை மட்டும் பெரிதாக்கி மென்பொருளை மறுபடி தயாரித்தோம். சோதனை செய்பவர்களும் எழுத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டினார்கள். காலையில் வார்டு மெஷின்களில் ஏற்றியாயிற்று.

சாப்பிட்டுவிட்டு வந்த அக்கா, வழக்கம்போல இரண்டாம் தரம் பார்த்தார். லைப்ரரியின் பதிப்பு எண் மாறியிருந்தது. என்ன மாற்றம் என்று அதன் குறிப்பை வாசித்தவர் முகத்தில் ஈயாடவில்லை. மணியடிக்கும் நேரமாக நாங்கள் 'இருபதாயிரம்' என்று அனுப்புவோம். பழைய பதிப்பு அதை மில்லிவிநாடி, அதாவது மொத்தம் இருபது விநாடி, என்று எடுத்துக்கொள்ளும். புதியது விநாடி என்று எடுத்துக்கொண்டது. மூச்சு நின்றால், மணியடிக்க ஐந்தரை மணி நேரமாகும்.

"ஐயோ, தங்கச்சி குழந்தை அங்கதான இருக்கு!"

தங்கைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"எங்கடி இருக்கே?"

"கீழ காபி குடிக்க வந்தேன்க்கா. மெஷின் சத்தமே போடல, நல்லாத் தூங்குறான்."

"ஓடு! மெஷினைப் பாக்காதே. நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாரு!"

படிகளில் செருப்புச் சத்தம். மூச்சிரைப்பு. கதவு திறந்தது.

"மூச்சு விடுறான்க்கா. ஏன் இப்படிப் பயமுறுத்துறே?"

அக்கா போனை வைத்துவிட்டு மேஜையில் கவிழ்ந்து அழுதார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம்தான் எனக்கே உறைத்தது.

"அக்கா, மத்த குழந்தைங்க?"

நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. உடனே வார்டுக்கும் ஸ்பீக்கரில் போன் போட்டார். எடுத்த நர்ஸ் நிதானமாகப் பேசினார்.

"எல்லா மெஷினும் அமைதியாத்தான் இருக்கு. பயப்படாதீங்க."

"அதாம்மா பயமே! மெஷினை நம்பாதீங்க, ஒவ்வொரு குழந்தையாத் தொட்டுப் பாருங்க!"

போனைத் துண்டிக்காமல் அப்படியே போட்டுவிட்டு நர்ஸ் ஓடுவது கேட்டது. "டாக்டர்!" என்று ஓர் அலறல். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. நாங்கள் இருவரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து மெலிதாக ஓர் அழுகை கேட்டது. கடைசிக் கட்டில் குழந்தை, நீலம் பாரித்துக் கிடந்ததாம். பிழைத்துவிட்டது.

அன்றே பழைய பதிப்பை ஏற்றினோம். ஒரு வரிக்காக உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது, எங்கள் எல்லோருக்கும் இதில் பங்குண்டு என்று அக்காவைத் தேற்றப் பார்த்தேன்.

"வரியை விடு" என்றார். "தங்கச்சி அந்த வார்டுக்குள்ளதான் நின்னுட்டிருந்தா. அந்தக் கட்டிலையும் பாருடின்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோணவே இல்ல, பாத்தியா?"