எட்டு வாசலும் ஒரு கதிரையும்

காவலாளிக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது எந்த வாசலில் இருப்பது என்பது. நயினாதீவில் ஊர்ப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கவென்று புதிதாகக் கட்டிய சமாதான மண்டபத்தைக் காக்கும் எனக்கு அதுவே இன்னும் விளங்கவில்லை. புதுமாதிரிக் கட்டடங்களில் மாட்டுப்பட்ட காவலாளிமாரே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

முன்வாசல்

மண்டபம் வட்டம். சுற்றிவர எட்டு வாசல், எல்லாம் ஒரே அளவு. சீமெந்துக்கு வெள்ளைகூட அடிக்கவில்லை. வேலை முடியவில்லையாக்கும் என்று ஒரு கிழமை காத்திருந்தேன், அதுதான் அழகாம். கட்டடத்தை வரைந்த அம்மா கொழும்பிலிருந்து வந்தபோது, நான் குந்தியிருக்கிற கதிரையும் கையுமாகப் போய் முன்வாசல் எது என்று கேட்டேன்.

"எட்டும் முன்வாசல்தான் அண்ணை. சமாதானத்துக்குப் பின்பக்கம் இல்லை."

செருப்பு

அம்மன் கோயிலுக்கும் விகாரைக்கும் வருகிற சனம், இதுவும் கும்பிடுகிற இடமென்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும். ஒரு வாசலால் போய் இன்னொன்றால் வரும். செருப்பைக் காணாது. அக்கரைக்கு, குறிகட்டுவான் துறைக்குப் போகிற படகு வெளிக்கிட நிற்கும். நான் வாசல் வாசலாக ஓடுவேன். ஒருநாள் ஓர் அக்கா சுடுமணலில் கால் மாற்றி மாற்றி நின்று சொன்னா:

"சமாதானம் ஆறுதலா வரட்டும் தம்பி, முதல் என்ர செருப்பைக் காட்டும்."

தவணை

மேலதிகாரி வந்து வருகைப் புத்தகத்தைப் புரட்டினார். வந்தவர்கள் எல்லாம் நிழலுக்கு வந்தவர்கள். எனக்கு மூன்று பிள்ளைகள், வேறு வேலையும் இல்லை. அவர் சொன்னதைக் கேட்டு உண்மையாகவே பயந்துபோனேன்.

"வாற மாதத்துக்குள்ள ஒரு பிணக்காவது இஞ்ச தீராட்டி, மண்டபத்தைப் பூட்டுறதுதான். உமக்கும் வேலையில்லை."

சகலன்மார்

தவராசாவும் குலசிங்கமும் அக்காவையும் தங்கையையும் கட்டியவர்கள். வலை அறுந்த விசயத்தில் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. கெஞ்சிக் கூப்பிட்டு உள்ளே இருத்தினேன். ஆளுக்கொரு வாசலால் வந்தவர்கள், ஒரு மணித்தியாலம் கூரையையே பார்த்தார்கள். தேத்தண்ணி ஆறியது. பிறகு கோபத்தோடு எழும்பி, கிட்ட இருந்த வாசல்களால் வெளியேறினார்கள். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

வெளியே இருவருக்கும் செருப்பில்லை. வழக்கமாக நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பேன். அன்றைக்கு என்னவோ கால் எழும்பவில்லை. ஒருவர் இந்தப் பக்கத்தாலும் மற்றவர் அந்தப் பக்கத்தாலும் சுற்றிவந்து, என் கதிரைக்கு முன்னால் நேருக்கு நேர் நின்றார்கள். இளையவர் குலசிங்கம் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"அண்ணை, உங்கட செருப்பு அங்கால வெயிலுக்க கிடக்கு. நில்லுங்கோ, எடுத்தாறன், கால் சுடும்."

பிணக்குத் தீர்ந்தது கட்டட அமைப்பின் வெற்றி என்று மேலிடத்தில் அறிக்கை எழுதிவிட்டார்கள், கதிரையை எந்த வாசலில் போடுவது என்று மட்டும் இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.