தோளில் டிவி கேபிள்

பென்னாகரத்தை விட்டு பாலக்கோடு சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பத்துக் கிலோ கறுப்பு டிவி கேபிள். நான் வேலை பார்த்த கேபிள் டிவிக்காரர் அன்று காலை தொழிலை மூடிவிட்டார். ஊர் செல்போனில் படம் பார்க்கத் தொடங்கியிருந்தது. வீடு வீடாக இழுத்துக் கட்டியதை நானே அவிழ்த்துச் சுற்றினேன். "எடுத்துட்டுப் போய்யா, இங்க கெடந்தா எலிதான் கடிக்கும்" என்றார். அதுதான் எனக்குப் பிரிவுபசார விழா.

சாயங்காலம் ஒரு தக்காளித் தோட்டத்தருகே தோட்டக்காரரும் அவர் மச்சானும் வழிமறித்தார்கள். முந்தின வாரம் அங்கே இரண்டு கிணறுகளில் யாரோ செம்புக்காக மோட்டார் கேபிளை அறுத்துப் போயிருந்தார்கள். இப்போது தாடியோடு, சுருளோடு, வேற்றூர்க்காரன் ஒருவன். எனக்கே என்மேல் சந்தேகம் வந்திருக்கும்.

"யாரு கெணத்துது இது?" என்றார் தோட்டக்காரர்.

"டிவி ஒயருங்க."

"திருடன் வேற இன்னா சொல்லுவான்? மரத்துல கட்டுங்க மாமா, போலீசு வரட்டும்" என்றார் மச்சான்.

அடி எனக்குப் புதிதல்ல. வெறும் வயிற்றில் வாங்குவதுதான் சிரமம். "அறுத்துப் பாருங்க" என்றேன்.

தோட்டக்காரர் அரிவாளால் முனையைச் சீவினார். வெள்ளை உறைக்கு நடுவே ஒரே ஒரு ஒல்லிக் கம்பி. "இதப் போயி எவன்டா திருடுவான்" என்று என்னைத் திருடனுக்கும் கீழே இறக்கினார்.

அந்நேரம் மும்முனை மின்சாரம் நின்றது. இருவரும் என்னை மறந்து ஓடினார்கள். அந்த ஊரில் மோட்டார் நின்றதும் ஸ்டார்ட்டரிலிருந்து கிணறு வரை போகும் கேபிளைத் திருட்டுக்குப் பயந்து கழற்றி வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். காலையில் மறுபடி மாட்ட வேண்டும். கேபிளுக்குக் கட்டில், ஆளுக்குத் தரை. இருவரும் சுற்றச் சுற்ற அதில் சிக்கு விழுந்தது. பார்க்கப் பொறுக்காமல் வாங்கி, சிக்கெடுத்து, எட்டுப் போட்டுச் சுற்றிக் கொடுத்தேன்.

"இருக்கறியாப்பா? தினமும் மாட்டிக் கழட்டணும். சோறு போடுறோம்" என்றார் தோட்டக்காரர்.

"திருடன் கையிலயே குடுக்கறீங்களே மாமா."

"செம்பில்லாத ஒயர இம்மாந்தூரம் சொமக்கறவன் எங்கடா திருடப் போறான்?"

மறுநாள் காலை மின்சாரம் வருமுன் மூன்று முனைகளையும் ஸ்டார்ட்டரில் மாட்டினேன். மச்சான் தன் வேலையை விட்டுவிட்டு, பத்தடி தள்ளி வரப்பில் உட்கார்ந்து, என்னைக் காவல் காத்தார்.