சோணைமுத்தண்ணனின் கை நடுங்கவில்லை

மல்லாங்கிணற்றிலிருந்து அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனிக்குப் பதினோரு வருஷமாக எங்களை வேனில் ஏற்றிப்போகிறவர் சோணைமுத்தண்ணன். என்னையும் சேர்த்துப் பதினெட்டுப் பெண்கள். பீடிகூடப் பிடிக்காத மனுஷன். அப்படிப்பட்டவரைக் குடிகாரன் என்றார்கள். சொன்னவரைக்கூட விடுங்கள், அதை நம்பியவர்களை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

போன சித்திரையில் ஒருநாள் ஃபோர்மேன் லட்சுமிகாந்தம் எங்களோடு வேனில் வந்தார். நாலுவழிச்சாலையில் வண்டி எழுபதைத் தாண்டியதும் ஸ்டீயரிங் ஆடியது. அதைப் பிடித்திருந்த அண்ணனின் கைகளும் ஆடின. நாலைந்து நாளாகவே அப்படித்தான். ஃபோர்மேன் கையை மட்டும்தான் பார்த்தார்.

“காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டியாலே?”

“ஊருக்குள்ள நாப்பதுல வந்தப்ப ஆடுச்சாய்யா? எழுபதுக்கு மேலதான ஆடுது. குடிச்சவன் கை மீட்டரப் பாத்தா நடுங்கும்? சக்கரத்துலதான் ஏதோ கோளாறு.”

யார் கேட்டது? எங்களிடம் தீப்பெட்டியோ செல்போனோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற அதே கேட்டில், மறுநாளிலிருந்து அண்ணன் ஃபோர்மேனின் முகத்துக்கு நேரே ஊதிக் காட்ட வேண்டும். வாடை வரவில்லை. “வாடையில்லாத சரக்கா இருக்கும்” என்றார் அந்த மேதாவி. அடுத்த மாசத்திலிருந்து வேறு டிரைவர் என்றும் சொல்லிவிட்டார்.

எப்போதும் அண்ணன் பக்கத்தில் முன்சீட்டில் உட்காருகிறவள் நான். அந்த வாரம் பயந்துபோய்ப் பின்னால் போய்விட்டேன். ஒருநாள் இறங்கும்போது மெதுவாக அவர் பக்கம் மூக்கையும் நீட்டினேன். அவர் பார்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வேனைச் சாத்தூரில் வீல் பேலன்சிங் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் முனியராஜ் சக்கரத்தை மிஷினில் மாட்டும்போதே கேட்டாராம்: “ஏண்ணே, ரிம்முல இருந்த வெயிட்டெல்லாம் யாரு பிடுங்குனது?”

சக்கரம் சுற்றிலும் ஒரே கனமாக இருப்பதில்லை. கனம் குறைந்த இடத்தில் கட்டைவிரல் அளவு உலோகத்துண்டை ரிம்மில் செருகிச் சரிசெய்வார்கள். அது இல்லாவிட்டால் வேகம் கூடக்கூடச் சக்கரம் துள்ளும், ஸ்டீயரிங் உதறும். முன்சக்கரம் இரண்டிலும் ஸ்க்ரூடிரைவர் கீறல் இருந்தது. புது வெயிட் மாட்டினார்கள். திங்கட்கிழமை காலை எண்பதில் வந்தோம், ஒரு ஆட்டம் இல்லை.

கேட்டில் வாட்ச்மேன் வெள்ளைத்துரையிடம் அண்ணன் விஷயத்தைச் சொன்னார். அவர் சூதுவாது தெரியாதவர். பறிமுதல் செய்த சாமான் கிடக்கும் தகர டப்பாவை எடுத்துக் கவிழ்த்தார். கொண்டை ஊசி, லைட்டர், அவற்றோடு சக்கர வெயிட் நாலு.

“இன்ஸ்பெக்சன் வருதுன்னு, வண்டியில ஒட்டிக்கிட்டிருக்குற துண்டு இரும்பையெல்லாம் பிடுங்கச் சொன்னது நம்ம ஃபோர்மேன்தாம்ப்பா. உள்ள விழுந்து பொறி கெளம்பிரக் கூடாதுல்ல.”

இரும்புக்குப் பயப்பட வேண்டிய தொழில்தான், மறுக்கவில்லை. ஆனால் ரிம்மும் இரும்பு, அச்சும் இரும்பு, வேனே இரும்பு! பிடுங்கச் சொன்னவரே, சக்கரம் உதறியதும் ஒரு மனுஷன் மானத்தையும் பிடுங்குவாரா?

ஃபோர்மேன் அங்கேதான் நின்றார். “சரி சரி, இனிமே ஊத வேண்டாம். நீயே வண்டிய ஓட்டு” என்றார். அவ்வளவுதான், ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

“இல்லய்யா, இன்னைக்கும் ஊதுறேன்” என்று அண்ணன் கிட்டே போய் ஊதினார். ஃபோர்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சாயங்காலம் முன்சீட்டு காலியாக இருந்தது.

“அண்ணே, நான் முன்னால உக்காரவா?”

அண்ணன் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: “மோந்து பாத்துட்டு உக்காரு, தாயி.”