வாயைத் திறக்காத மீன்

படவேட்டில் எங்கள் வீட்டு உப்புநீர்த் தொட்டியில் ஐந்து கார்டினல் மீன்கள் இருக்கின்றன. கறுப்பு வரி போட்ட சின்ன மீன்கள். எப்போதும் கூட்டமாகவே நிற்கும். ஒருநாள் அவற்றில் ஒன்று இரை எடுப்பதை நிறுத்திவிட்டு, மூலையில் தனியாக ஒதுங்கி நின்றது. தாடை வேறு வீங்கியிருந்தது.

"இன்னாங்க, இதுக்கு இன்னாவோ நோவு. மத்ததுக்கும் ஒட்டிக்கப் போவுது" என்றேன் கணவரிடம். அவர் வலையை எடுத்தார். நான் பக்கெட்டில் மருந்து கலக்கினேன். எதற்கும் கேட்டுவிடலாமே என்று, மீன் வாங்கிய வேலூர் கடைக்காரருக்கு வீடியோ அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அக்கா, கை வெக்காதீங்க! அது அப்பா மீனு. வாய்க்குள்ள முட்டைய வெச்சினு கீது. பயந்தா துப்பிடும். குஞ்சு வர்ற வரைக்கும் துன்னாது."

என் கணவர் வலையைக் கீழே போட்டார். "நமக்கு டிபன் லேட்டானாலே தாங்காதே!" என்றார்.

சில வாரங்களில் அதன் வாயிலிருந்து, அதே வரிகளோடு, குட்டிக் குட்டிக் குஞ்சுகள் வெளியே வந்தன. மற்ற மீன்கள் விழுங்கிவிடாமல் அவற்றைத் தனித் தொட்டிக்கு மாற்றினோம்.

இப்போதெல்லாம் விவரம் தெரிந்தவரைக் கேட்காமல் நான் மருந்தைத் தொடுவதில்லை. போன வாரம் இன்னொரு மீன் இரையைத் திரும்பியே பார்க்கவில்லை. "அது ஏன் துன்னல?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

"அவரு முழுகாம கீறாருக்கா" என்றேன்.